பாய் விரித்த விருந்து

மும்பையில் குடித்தனம் நடத்தும் தமிழ்க் குடும்பம் எதுவும் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறையேனும் ஊர் விருந்தினரை வரவேற்காமல் இருந்ததில்லை. திருமணத்திற்கென்றும், மருத்துவத்திற்கென்றும், ஷீரடிக்குப் போகும் வழியிலென்றும் வருகிறார்கள். அவர்களுக்கு எதை எந்த வரிசையில் காட்டுவது என்பது நம் இல்லத்தரசிகளுக்கு மனப்பாடம். முற்பகலில் மகாலட்சுமி கோயில், மாலையில் மெரின் டிரைவ், மறுநாள் கேட்வே, அங்கிருந்து விசைப்படகில் எலிபெண்டா. இரண்டு அறை வீட்டில் எட்டுப் பேருக்குப் பாய் விரிக்கும் கணக்கும் அவர்களுக்குத் தெரியும். அது ரயில்வே அட்டவணையைவிடச் சிக்கலானது.

எங்கள் வீட்டு விருந்தினருக்கு இன்னொரு வகைப் பாயும் உண்டு. நாங்களும் வேறு மூன்று குடும்பத்தாரும் கூட்டாகச் சேர்ந்து ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கிச் சில ஆண்டுகள் ஆகின்றன. இருபத்து நான்கு அடி நீளம். ஏழு பேருக்கு மேல் ஏற்றுவதில்லை. கேட்வேக்குச் சற்றுத் தெற்கே, கொலாபாவின் கிழக்குக் கரையோரம், மிதவையில் கட்டிக் கிடக்கிறது. இதைச் செல்வச் செருக்கு என்று எண்ணிவிட வேண்டாம். நான்கு பங்காகப் பிரித்தால் ஒரு பழைய மோட்டார் காரின் செலவுக்குள் அடங்கிவிடும். சொந்தப் படகு இல்லாதவர்களுக்கும் வழியுண்டு. கேட்வே அருகே இத்தகைய படகுகளை, ஓட்டுபவரோடு சேர்த்து, மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகின்றனர்.

தரையிலிருந்து பார்க்கும் மும்பை வேறு. நீரிலிருந்து பார்க்கும் மும்பை வேறு. 1911-இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் வந்திறங்கியதன் நினைவாக எழுப்பப்பட்ட கேட்வே, 1924 டிசம்பரில்தான் திறக்கப்பட்டது. அதற்கும் இருபத்தோராண்டு மூத்தது அருகில் நிற்கும் தாஜ் ஓட்டல். 1948 பிப்ரவரி 28-ஆம் நாள் கடைசி ஆங்கிலப் படைப்பிரிவு இந்த வளைவின் வழியாகவே நடந்து சென்று கப்பலேறியது. கரையில் நின்று பார்க்கும்போது கேட்வே கடலைப் பார்த்து நிற்பதாகத் தோன்றும். அரை மைல் நீருக்குள் சென்று திரும்பிப் பார்த்தால்தான் அது வாசல் என்பது விளங்குகிறது. கடல்வழியே வருகிறவர்களுக்காகக் கட்டப்பட்ட வாசலைப் பெரும்பாலோர் கொல்லைப்புறத்திலிருந்தே பார்த்துவிட்டுப் போகின்றனர்.

இங்குப் பாய்மரப் படகுக்குரிய காலம் அக்டோபர் முதல் மே வரை. ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்று இறங்கிவிட்டால் சிறு படகுகளையெல்லாம் கரையேற்றிவிட வேண்டும். ஆவணியை ஒட்டி வரும் நாரளி பௌர்ணமியன்று கோலி மீனவர்கள் கடலுக்குத் தேங்காய் படைத்துத் தொழிலைத் தொடங்குகின்றனர். எங்களைப் போன்ற பொழுதுபோக்குப் படகுக்காரர்கள் அதற்குப் பிறகும் இரண்டு மாதம் பொறுத்திருப்பதே நலம்.

குளிர்காலத்துக் காற்றுக்கு இங்கு ஓர் ஒழுங்கு உண்டு. விடியற்காலையில் கரையிலிருந்து வடகிழக்குக் காற்று மெல்ல வீசும். பத்து மணிக்கு மேல் அது சோர்ந்து படுத்துவிடும். நண்பகலை ஒட்டி வடமேற்கிலிருந்து கடற்காற்று எழுந்து, மாலை நான்கு மணி வரை வலுத்துக்கொண்டே போகும். எலிபெண்டா கேட்வேக்குக் கிழக்கு வடகிழக்கில் ஏறத்தாழ 11 கிலோமீட்டர். ஆகவே பிற்பகல் காற்றில் அங்குப் போவது எளிது. காற்று முதுகைத் தட்டிக் கொடுத்து அனுப்பும். திரும்பும்போது அதே காற்று, முகத்தில் இல்லாவிடினும், கன்னத்தில் அறையும். போகும் சுகத்தை நம்பித் திரும்பும் பாட்டை மறப்பவர்கள் நனைந்து வீடு சேர்வர். இதனோடு நீரேற்ற இறக்கத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். அமாவாசை பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர்மட்டம் நான்கு மீட்டருக்கும் அதிகமாக ஏறியிறங்குகிறது. ஏற்றம் வடக்கே தாணேக் கழியை நோக்கி ஓடும். வடமேற்குக் காற்று அதை எதிர்த்து வீசும்போது அலைகள் குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும்பும்.

இனி விருந்தோம்பலுக்கு வருவோம். வள்ளுவர் அதற்கெனத் தனி அதிகாரம் வகுத்தார். ஆயினும் படகில் விருந்தோம்புவோர்க்கு அதிலிருந்து பெரிய உதவி கிடைப்பதில்லை. வீட்டில் விருந்தினர் சொல்வதே சட்டம். படகில் அது தலைகீழ். எங்கே உட்கார வேண்டும், எப்போது எழுந்திருக்கக் கூடாது, எந்தக் கயிற்றைத் தொடக் கூடாது என்றெல்லாம், அப்போதுதான் வந்து ஏறியவர்களிடம், அவர்கள் வயதில் மூத்தவர்களானாலும், கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெரும்பாயின் கீழ் விளிம்பைத் தாங்கும் நீண்ட கட்டை ஒன்றுண்டு. படகு காற்றை மாற்றிப் பிடிக்கும்போது அது ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்திற்கு எல்லோர் தலைக்கும் மேலாக வீசிச் செல்லும். ‘தயவு செய்து தலையைச் சற்றே குனிந்துகொள்ளுங்கள்’ என்று மரியாதையாகச் சொல்லி முடிப்பதற்குள் கட்டை வந்துவிடும். ‘தலை!’ என்றுதான் கத்த வேண்டும். சம்பந்தி வீட்டாரைக்கூட அப்படிக் கத்தியிருக்கிறோம்.

செருப்பைக் கழற்றுங்கள் என்பது ஒன்றுதான் வீட்டு வழக்கத்தோடு ஒத்துப் போவது. படகு சாயும்போது ‘கவிழ்ந்துவிடுமோ’ என்று அஞ்சாதவர் இல்லை. படகின் அடியில் கனத்த உலோக எடை பொருந்தியிருக்கிறது, சாயச் சாய அதுவே நிமிர்த்தப் பார்க்கும் என்று புறப்படும் முன்பே விளக்கிவிடுகிறோம். சாய்ந்த பிறகு விளக்கினால் காதில் ஏறாது. லைஃப் ஜாக்கெட் என்னும் மிதவைச் சட்டை விஷயத்தில் மட்டும் விளக்கமோ சலுகையோ கிடையாது. 2024 டிசம்பர் 18-ஆம் நாள் எலிபெண்டாவுக்குச் சென்ற பயணிகள் படகின் மீது விரைவுப் படகொன்று மோதி இதே துறைமுகத்தில் பலர் மாண்டனர். பட்டுப்புடவை கசங்கும் என்று சொல்பவர்களுக்கு அந்த ஒரு நிகழ்ச்சியை நினைவூட்டுவது போதும்.

உணவில் எங்கள் இல்லத்துப் பட்டறிவு இது: சாம்பாரையும் ரசத்தையும் கரையிலேயே விட்டுவிட வேண்டும். புளியோதரை, எலுமிச்சம்பழச் சாதம், தயிர் சாதம் மூன்றையும் தனித்தனிப் பொட்டலமாக வாழையிலையில் கட்டிக்கொள்வது சிறந்தது. மாதுங்காக் கடைத்தெருவில் இலை எளிதாகக் கிடைக்கும். வற்புறுத்திப் பரிமாறும் நம் நல்வழக்கம் கடலில் தீவழக்கம். அரை வயிறு உண்டவர்களே சுகமாகத் திரும்புவர். ஓர் இஞ்சி முரப்பாவை வாயில் அடக்கிக்கொண்டு தொலைவிலுள்ள மலையைப் பார்த்துக்கொண்டிருந்தால் தலைச்சுற்றல் பெரும்பாலும் அண்டாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் படகில் ஒதுக்கிடம் கிடையாது. இதைப் பெண்கள் பெண்களிடம் வீட்டிலேயே சொல்லிவிட வேண்டும். கூச்சப்பட்டுச் சொல்லாமல் விட்டால், அவர்களாகவே அதை அறிந்து, ஒரு வாய் நீரும் அருந்தாமல் வெயிலில் வாடிக்கொண்டிருப்பார்கள். இத்தகைய நோன்பைப் பார்த்த பிறகே படகுப் பயணத்தை மூன்று மணி, அதிகம் போனால் ஐந்து மணி என்று வரையறுத்துக்கொண்டோம்.

சென்ற தை மாதம் தூத்துக்குடியிலிருந்து நண்பர் ஒருவர் மனைவியோடும் பத்து வயது மகளோடும் தம் தந்தையாரையும் அழைத்துக்கொண்டு வந்திருந்தார். தந்தையாருக்கு எழுபத்தெட்டு வயது. எங்களுக்கு அவர் பெரியப்பா. மற்றவர்களுக்கு மும்பையில் பார்க்க வேண்டியவை பல இருந்தன. பெரியப்பா கேட்டது ஒன்றே ஒன்று: எலிபெண்டா. திரிமூர்த்தியின் படத்தை அவர் தம் இளமையில் ஏதோ ஒரு காலண்டரில் பார்த்தாராம். அன்று முதல் மனத்தில் இருந்து வந்ததாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் புறப்பட்டோம். அவர்கள் நால்வர், நாங்கள் இருவர், படகைப் பராமரிக்கும் கோலிச் சமூகத்துப் படகோட்டி ஒருவர். ஆக ஏழு பேர்.

பெரியப்பா படகில் ஏறிய விதமே எங்களை வியக்க வைத்தது. பிறர் கைகொடுத்து ஏற்ற வேண்டியிருக்க, அவர் சிறு தோணியிலிருந்து கால் மாற்றி, நேரே பாய்மரத்தடிக்குச் சென்று, அதை உள்ளங்கையால் இரண்டு முறை தட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். அவருடைய தந்தை தோணித் தண்டல் என்பதும், அவரே 1960-களில் பத்தாண்டுக் காலம் கொழும்புத் தோணிகளில் வேலை செய்தவர் என்பதும் அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. தூத்துக்குடி என்றால் 1906-இல் வ.உ.சி. தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி நம் அனைவருக்கும் நினைவுக்கு வரும். அந்த நீராவிக் கப்பல்களுக்கு முன்னும் பின்னும் சரக்கேற்றிக்கொண்டு பாய்விரித்துச் சென்ற தோணிகளை நினைப்பவர் குறைவு. கொழும்பு அங்கிருந்து ஏறத்தாழ 280 கிலோமீட்டர். மோட்டார் வந்து பாய்களைச் சுருட்டி வைத்துவிட்ட பின்பு பெரியப்பா கரையில் மளிகைக் கடை வைத்துவிட்டார். ஐம்பதாண்டாகப் பாய்மரத்தின் கீழ் அவர் உட்கார்ந்ததில்லை.

அவருக்குத் தமிழன்றி வேறு மொழி தெரியாது. படகோட்டிக்கு மராத்தியும் கொஞ்சம் இந்தியும்தான். நாங்கள் மொழிபெயர்க்க ஆயத்தமாயிருந்தோம், வேலை கிடைக்கவில்லை. பெரியப்பா பின்புறம் கைகாட்டிச் ‘சுக்கான்’ என்றார். அவர் ‘சுகாணு’ என்றார். ‘நங்கூரம்’ என்றதற்கு ‘நாங்கர்’ என்று விடை வந்தது. மராத்தியில் ஏருக்கும் அதே பெயர்தான் என்று இடையில் புகுந்து சொன்னோம். இருவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. பாய்மரத்தில் மட்டும் வழி பிரிந்தது: அங்கே ‘டோல்காட்டி’. பிறகு படகோட்டி தம் மார்பைத் தொட்டு, தம் தந்தை ‘தாண்டேல்’ என்றார். பெரியப்பா எங்களைத் திரும்பிப் பார்த்தார். ‘தண்டல்னு சொல்றாரா?’ என்று கேட்டார். ஆம், அதே சொல்தான். மேற்குக் கரையிலும் கிழக்குக் கரையிலும் கலத்தை நடத்துபவனுக்கு ஏறக்குறைய ஒரே பெயர். இந்தச் சொற்களில் சில அரபிக் கடலோடிகளின் வாய்வழியே இரு கரைகளுக்கும் வந்தவை. ரயிலும் பத்திரிகையும் நம்மை இணைப்பதற்கு வெகுகாலம் முன்பே காற்று அந்த வேலையைச் செய்திருக்கிறது.

பதினொரு மணிக்கு, எதிர்பார்த்தபடியே, காற்று படுத்துவிட்டது. பாய் துவண்டு தொங்கியது. ஏற்றநீர் மட்டும் எங்களை மெல்ல வடக்கே நகர்த்திக்கொண்டிருந்தது. ஒரு புறம் மிடில் கிரவுண்ட் கோட்டைத் திட்டு. வடக்கே வெகு தொலைவில், 2024 ஜனவரியில் திறக்கப்பட்ட அடல் சேது கோடு கிழித்தாற்போல் கடலைக் கடந்து கிடந்தது. பாய்மரப் பயணத்தில் விருந்தினரைச் சோதிப்பது புயலன்று, இந்த அசைவின்மைதான். விசைப்படகுகள் எழுப்பிவிட்டுப் போகும் அலையில் படகு தொட்டில்போல் இருபுறமும் ஆட, நண்பரின் மனைவியார் முகம் வெளிறிப் படகின் விளிம்பைப் பற்றிக்கொண்டார். சிறிய மோட்டார் ஒன்று இருந்தது, அதை முடுக்கினோம். அதன் புகைநாற்றம் அவருக்கு இன்னும் கெடுதலாயிற்று. நிறுத்திவிட்டோம்.

பன்னிரண்டேகாலுக்கு வடமேற்கில் நீர் கறுத்தது. காற்று வந்தது, பாய் நிரம்பியது, குழந்தை கைதட்டினாள். அரை மணி நேரம் படகு அருமையாக ஓடிற்று. எண்ணெய்க் கப்பல்கள் வந்து நிற்கும் ஜவாஹர் தீவு கண்ணுக்கு நெருங்கி வந்தது. அதற்கப்பால் எலிபெண்டாவின் இரட்டைக் குன்று. ஆனால் காற்று வழக்கமான அளவோடு நிற்கவில்லை. ஒரு மணிக்குள்ளாகவே அலைகளின் தலை வெளுத்துவிட்டது. ஏற்றநீர் இன்னும் மூன்று மணி நேரம் எதிர்த்து ஓடும்.

இப்போது என்ன செய்வது? தொடர்ந்து சென்றால் முக்கால் மணியில் தீவை அடைந்துவிடலாம். சுகமாகவே அடைவோம். ஆனால் திரும்புவது மூன்றரை நான்கு மணிக்கு, காற்று உச்சத்தில் இருக்கும்போது, ஏற்கெனவே நோயுற்ற ஒருவரோடும் ஒரு குழந்தையோடும். இதை நாங்கள் சொல்லத் தொடங்கியபோது நண்பர் குறுக்கிட்டு, ‘இவ்வளவு தூரம் வந்தாயிற்று, எங்களுக்கு ஒரு சிரமமும் இல்லை, உங்கள் விருப்பம்போல் போகலாம்’ என்றார். விளிம்பில் சாய்ந்திருந்த அவர் மனைவியாரும் தலையசைத்தார். எங்களுக்காக அவர்கள் துன்பத்தை மறைத்தார்கள். அவர்களுக்காக நாங்கள் தயங்கினோம். வீட்டுக் கூடத்தில் இந்த உபசாரம் ஓர் இரவு முழுதும் நடக்கலாம். கடலில் ஒவ்வொரு நிமிடமும் நாங்கள் கரையிலிருந்து விலகிக்கொண்டிருந்தோம்.

‘வாடையும் கச்சானும் கலந்து வருது. இன்னும் கூடும்’ என்றார் பெரியப்பா. எல்லோரும் அவரைப் பார்த்தோம். வயதில் மூத்தவர்; கடலறிந்தவர்; திரிமூர்த்தியைக் காண வேண்டுமென்று கேட்டவரும் அவரே. அவர் சொல்லிவிட்டால் எங்கள் கடமை தீர்ந்தது. அவரோ எங்களிடமும் சொல்லவில்லை, மகனிடமும் சொல்லவில்லை. கயிற்றைப் பிடித்திருந்த படகோட்டியின் பக்கம் மோவாயால் காட்டி, ‘தண்டல் என்ன சொல்றார், கேளுங்க தம்பி. இது அவரு தண்ணி’ என்றார்.

மாதச் சம்பளத்திற்கு எங்களிடம் வேலை செய்பவர் அவர். அதுவரை எவரும் அவரைக் கேட்கவில்லை. கேட்காததால் அவரும் சொல்லவில்லை. கேட்டோம். அவர் ஒரு கணம் வடமேற்கைப் பார்த்து, ‘பரத்’ என்றார். திரும்பலாம் என்று பொருள். பெரியப்பாவுக்கு அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. தலையைத் தாழ்த்திக்கொண்டு கட்டைக்கு வழிவிட்டார். படகு திரும்பிற்று.

பெரும்பாயை ஒரு மடிப்புச் சுருக்கிக் கட்டினோம். பாயை இழுத்தும் தளர்த்தியும் காற்றுக்கு ஈடு செய்யும் கயிற்றை, அவர்கள் ஊர்ச் சொல்லில் தாமானை, பெரியப்பாவின் கையில் கொடுத்தார் படகோட்டி. எவரும் சொல்லிக் கொடுத்ததல்ல. ஒருவர் நீட்டினார், மற்றவர் வாங்கிக்கொண்டார். வேகக்காற்று அடிக்கும்போது அரை முழம் விட்டும், தணியும்போது இழுத்தும் அவர் அந்தக் கயிற்றைக் கையாண்ட நேரமெல்லாம் எங்களிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. இரண்டு மணி நேரம் நீர் முகத்தில் வாரி அடித்தது. புளியோதரைப் பொட்டலங்கள் மிதவைச் சட்டைகளுக்கடியில் கிடந்து கூழாயின. மிதவையில் படகைக் கட்டியபோது மணி மூன்றேகால். எலிபெண்டாவுக்குப் போகும் கடைசி விசைப்படகு புறப்பட்டுப் போயிருந்தது.

மறுநாள் திங்கட்கிழமை. திங்களன்று குகைகள் மூடியிருக்கும். அன்றிரவே அவர்களுக்கு ஊருக்கு ரயில். ஆறாம் நூற்றாண்டையொட்டிக் குடைந்தெடுக்கப்பட்டு, ஏறத்தாழ இருபதடி உயரத்தில் மூன்று முகத்தோடு இருளில் நிற்கும் அந்தச் சதாசிவ உருவத்தை, ஒன்றரை நாள் ரயிலில் வந்த முதியவர், இரண்டு மைல் தொலைவு வரை சென்று, காணாமல் திரும்பினார். அர்த்தநாரியும் கங்காதரரும் கல்யாணசுந்தரரும் அங்கேயே இருக்கிறார்கள். நாங்கள் பலமுறை பார்த்துவிட்டோம்; இனியும் பார்ப்போம். அவர் இன்னொரு முறை மும்பைக்கு வருவாரா என்பதை எண்ணும்போது எங்களுக்கு வருத்தமே. ஆயினும் அன்று வேறு விதமாக முடிவெடுத்திருக்கலாம் என்று ஒருபோதும் தோன்றியதில்லை.

திங்களன்று வேறு ஒன்று செய்தோம். அந்தத் தீவுக்குக் கராபுரி என்று பெயர். போர்த்துகீசியர் வந்தபோது கரையோரம் நின்ற பெரிய கல் யானையைக் கண்டு எலிபெண்டா என்றனர். அந்த யானை இப்போது தீவில் இல்லை. 1864-இல் அதை இங்கிலாந்துக்குக் கொண்டுபோகத் தூக்கியபோது கீழே விழுந்து உடைந்தது. 1914-இல் துண்டுகளை ஒட்டி நிமிர்த்தினார்கள். பைகுல்லாவில் பாவு தாஜி லாட் அருங்காட்சியகத்தின் தோட்டத்தில் நிற்கிறது. நம்மில் பலர் குழந்தைகளை மிருகக்காட்சிசாலைக்கு அழைத்துச் செல்லும்போது அதைக் கவனியாமலே கடந்து போகிறோம். பெரியப்பாவை அங்கு அழைத்துச் சென்றோம். அவர் யானையைச் சுற்றி வந்து, ஒட்டுப் போட்ட இடங்களை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தார். பேத்தி யானையின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டாள். நண்பரின் மனைவியார் முதல்நாள் உண்ணாததற்கும் சேர்த்து மாதுங்காவில் இரண்டு மசால் தோசை உண்டார். ரயில் நிலையத்திற்கு அந்தப் படகோட்டியும் வந்திருந்தார், நாங்கள் அழைக்காமலே.

இவ்வாண்டும் மே மாதக் கடைசியில் படகு கரையேறும். தீபாவளிக்குப் பிறகு மீண்டும் நீரில் இறங்கும். சங்கத்து அன்பர்களில் எவரேனும் தம் வீட்டு விருந்தினரோடு வர விரும்பினால் மகிழ்ச்சியோடு அழைத்துச் செல்கிறோம். ஏழு பேரில் எங்களையும் படகோட்டியையும் கழித்துக் கணக்கிடுக. எலிபெண்டா கட்டாயம் காண வேண்டுமென்போர், ஊர் திரும்பும் நாளுக்கு முந்திய நாளாகப் பயணத்தை வைக்காமல், இடையில் திங்கள் அல்லாத ஒரு நாளை விசைப்படகுக்கென ஒதுக்கி வைத்துவிட்டு வருக. புறப்படுமுன் அவர் வானத்தைப் பார்த்துவிட்டு வேண்டாமென்றால் அன்று கேட்வேயில் வேர்க்கடலை தின்றுவிட்டு வீடு திரும்பலாம்.